வெள்ளைப் பொட்டு

என் அத்தானுக்குக் கார் ஓட்டத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் அவர் பேச்சைக் கேட்கிறவர்களுக்குக் காரைக் கண்டுபிடித்தவரே அவர்தானோ என்று தோன்றும். என் அக்காவைக் கட்டிக்கொள்வதற்கு முன்பிருந்தே கடைத்தெருவில் கார் உதிரிபாகக் கடை ஒன்றில் கவுண்டரில் நிற்கிறார். தெருமுனையில் ஒரு வண்டி திரும்பும் சத்தத்தை வைத்தே, "இடது பக்கம், முன் சக்கரம், பால் ஜாயின்ட் போச்சு" என்பார். அதே வண்டியைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தச் சொல்லிச் சாவியை நீட்டினால் மனிதருக்கு வேர்த்துவிடும்.

கடைத்தெருவில் அவருக்குப் பொட்டுக்காரர் என்று பெயர். வேறு கடையில் வாங்கிய சாமானைக் கொண்டுவந்து, "இது உங்ககிட்ட வாங்கினதுதான், மாத்திக் குடுங்க" என்று சண்டைக்கு நிற்கிறவர்கள் அந்தத் தொழிலில் அதிகம். அதனால் அத்தான் கையை விட்டு எது போனாலும் அதில் ஒரு துளி பெயின்ட் வைத்துத்தான் போகும். பொட்டு வைத்துவிட்டால் விற்றது விற்றதுதான். வண்டிக் கம்பெனியே தன் பேர் போட்டு அனுப்பும் ஒரிஜினலுக்கு மஞ்சள் பொட்டு. அதே அளவில் வேறொருவர் செய்து விற்கும் வெளிக்கம்பெனிச் சாமானுக்கு நீலப் பொட்டு. இரண்டிலும் சேராமல், யார் செய்தது, எங்கே செய்தது என்று பெட்டிக்கே தெரியாத மூன்றாவது ஜாதி ஒன்று உண்டு. அதற்கு வெள்ளைப் பொட்டு.

வருகிறவர்களிடம் அவர் கேட்பது ஒரே கேள்வி.

"ஓட்டுற வண்டியா, விக்கிற வண்டியா?"

ஓட்டுகிற வண்டி என்று சொல்லிவிட்டால் அன்றைக்கு நீங்கள் மாட்டினீர்கள். "ஃபில்டருக்கு எதுக்கு சார் ஒரிஜினல்? யார் செஞ்ச வலைன்னு காத்துக்குத் தெரியவா போகுது? நீலம் போதும். பிரேக்னா மட்டும் மஞ்சளுக்குப் போயிடுங்க. பால் ஜாயின்ட்டா? கண்ண மூடிட்டு இந்த நீலத்தப் போடுங்க, நான் சொல்றேன்" என்று ஆரம்பித்து, கேட்டவர் காதில் ரத்தம் வரும்வரை சொல்லுவார். விற்கிற வண்டி என்றால் பேச்சே கிடையாது. பின்னாலிருந்து ஒரு பெட்டி வரும், வெள்ளையில் ஒரு பொட்டு விழும். "கொஞ்ச நாளைக்குச் சத்தம் போடாது" என்பார், அவ்வளவுதான். வாங்குகிறவனுக்கும் அதற்கு மேல் தேவையில்லை.

எதிர்ச் சாரியில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவள் நான். அதனாலும், அக்காவின் ஜாடை அப்படியே எனக்கு இருப்பதாலும், அவர் என்னைக் கூப்பிடுவது "டூப்ளிகேட்" என்று. மச்சினி என்றால் இளப்பம்தானே. நானும் விடுவதில்லை. "ஓட்டத் தெரியாதவங்ககிட்ட எல்லாம் எனக்குப் பேச்சில்ல அத்தான்" என்றால் வாயை மூடிக்கொள்வார்.

வீட்டிலும் இதே தரம் பிரிப்புதான். செருப்பு, கதவுத் தாழ்ப்பாள், குக்கர் வளையம் எல்லாவற்றுக்கும் பொட்டு உண்டு. சொந்தக்காரர்கள் வந்தால் அக்கா சிரிக்கிற சிரிப்பு நீலப் பொட்டாம். அக்காவும் லேசுப்பட்டவள் இல்லை. "உங்களப் பாத்தா அதுகூட வரல" என்பாள்.

அக்கா ஒரு டிரைவிங் ஸ்கூலில் பல வருஷம் சொல்லிக்கொடுத்தவள். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, இரண்டாவது பிரேக்கில் காலை வைத்துக்கொண்டு, எதிரே தண்ணீர் லாரி வந்தாலும் கடைக்கு வழி சொல்வதுபோல, "லேசா இடது பக்கம் வாங்கம்மா" என்று சொல்லக்கூடியவள். அவளிடம் கற்றுக்கொண்ட பெண்கள் எல்லோரும், நீங்களே தனியாக நடத்தக் கூடாதா என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் அவளுக்கும் அந்த ஆசை வந்துவிட்டது. பெண்களுக்கு மட்டும் சொல்லிக்கொடுக்க, சொந்தமாக ஒரு வண்டி.

அந்த வண்டியை அவள் அத்தானிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் வாங்கினாள். அதில் நியாயம் இருக்கிறது. அந்த மனிதரோடு ஒரு கரண்டி வாங்கப் போனால்கூட, காம்பைத் தட்டிப் பார்த்து, வளைத்துப் பார்த்து, கடைக்காரரே "வேண்டாம் சார், வேற கடை பாருங்க" என்று கும்பிடுகிற நிலைமைக்குக் கொண்டுவந்துவிடுவார். "இது ஒண்ணாவது நானா பாத்து, நானா ஓட்டி, நானா முடிவு பண்ணி வாங்கணும்டி" என்று என்னிடம் சொன்னாள். அப்படியேதான் வாங்கினாள். பழைய வண்டி, ஆனால் பார்வைக்குப் பளிச்சென்று இருந்தது. வாசலில் நிறுத்திவிட்டு இறங்கியவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

"மேடு பள்ளம் எல்லாத்துலயும் விட்டுப் பாத்துட்டேன். முன் சக்கரத்துல ஒரு சின்ன சத்தம் இல்ல தெரியுமா" என்றாள்.

அத்தான் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். ஒரு சுற்றுச் சுற்றினார். கலர் நன்றாக இருக்கிறது என்றார். கதவைத் திறந்து மூடினார். அக்கா ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து நிறுத்தியிருந்ததால் முன் சக்கரத்தின் உள்பக்கம் வெளியே தெரிந்தது. அங்கே குந்தி உட்கார்ந்து எட்டிப் பார்த்தார். அந்தப் பக்கம் போய் அங்கேயும் குந்தினார். எழுந்தபோது முகம் பேயறைந்ததுபோல இருந்தது.

"நல்ல வண்டிமா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

எனக்கு அப்போதே பொறி தட்டியது. ஒரு வைப்பர் பிளேடைப் பற்றி அரை நாள் பேசுகிறவர், முழுக் காரைப் பார்த்து இரண்டு வார்த்தையில் முடிப்பதாவது. பின்னாலேயே போனேன். குழாயடியில் நின்று, ஏற்கெனவே கழுவிய கையை மறுபடி கழுவிக்கொண்டிருந்தார்.

"என்ன அத்தான்?"

"வெள்ளை" என்றார்.

"என்ன வெள்ளை?"

"ரெண்டு பக்கமும் பால் ஜாயின்ட்ல வெள்ளைப் பொட்டு. பிரேக் பேட்லயும். நம்ம கடை பெயின்ட்டு. என் கை."

எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள், இப்படிச் சாவியோடு வாசலில் வந்து நிற்கும் என்று யாரும் சொன்னதில்லை. ஆனால் அவர் சிரிக்கவில்லை. பால் ஜாயின்ட் என்றால் என்ன என்று நிதானமாகச் சொன்னார். சக்கரத்தை வண்டியோடு பிடித்து வைத்திருக்கிற மூட்டாம் அது. ஓடும்போது அது கழன்றால் சக்கரம் அப்படியே மடங்கிவிடுமாம். என் சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

"யார் வாங்கினாங்கன்னு ஞாபகம் இருக்கா?"

"இல்லாம என்ன. கூலிங் கிளாஸத் தலையில ஏத்திக்கிட்டு வருவானே, அந்தப் புரோக்கர். 'விக்கிற வண்டிதாண்ணே, சத்தம் மட்டும் நின்னா போதும்'னு சொல்லிச் சிரிச்சான். நானும் சிரிச்சேன்."

"அக்காகிட்ட சொல்லிடுங்க."

"அவ முகத்தப் பாத்தியா நீ? பாத்துப் பாத்து வாங்கியிருக்கா. அத நானே போய் மட்டம்னு சொல்றதா?" தண்ணீர்க் குழாயை மூடினார். "மாத்திடலாம். சத்தமில்லாம மாத்திடலாம்."

திங்கட்கிழமை முதல் வகுப்பு. சேர்ந்திருந்தவர்கள் ஒரு மாமியாரும் மருமகளும். ஒரே வண்டியில், ஒரே நேரத்தில் கற்றுக்கொள்ளப் போகிறார்களாம். அதுவே போதாதா, இதில் பால் ஜாயின்ட் வேறு கழல வேண்டுமா. அதுவரை அக்கா வண்டியை எடுக்காமலிருக்க அத்தான் சொன்ன பொய்களைக் கேட்டால் காருக்கே சிரிப்பு வந்திருக்கும். "புதுசா வந்த வண்டி, பேட்டரி கொஞ்சம் இடத்துக்குப் பழகட்டும்" என்றார். அக்கா அவரை ஒரு மாதிரி பார்த்தாள். பேட்டரி என்ன மாட்டுக் கன்றா, இடத்துக்குப் பழக.

நல்ல வேளையாக, பக்கத்து சீட்டுக்கு இரண்டாவது பிரேக் பொருத்த வண்டி எப்படியும் மெக்கானிக்கிடம் போக வேண்டியிருந்தது. எங்கள் தெருக்கோடியில் பட்டறை வைத்திருக்கும் அவருக்கு நட்டு என்று பெயர், ஆளும் அந்த அளவுதான். சனிக்கிழமை அவரே வந்து வண்டியை நடை வேகத்தில் உருட்டிக்கொண்டு போனார். அத்தான் கடைக்கு லீவு போட்டார். அக்காவை இழுத்துக்கொண்டு போய்ச் சாயங்காலம்வரை திரும்பாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. அவள் டிரைவிங் வகுப்புக்குப் போர்டு எழுதுகிறவர் கடைக்குக் கூட்டிப் போனேன். சொன்ன தேதியில் அந்த மனிதர் போர்டு கொடுத்ததாகச் சரித்திரமே இல்லை. ஒரு பொழுது அங்கேயே போய்விடும் என்று கணக்குப் போட்டேன்.

அன்றைக்கென்று பார்த்து போர்டை எழுதிக் காயவைத்து, காகிதம் சுற்றி வைத்திருந்தார்.

"எழுத்து ஒரு பக்கமா சாஞ்சிருக்குக்கா" என்று இழுத்துப் பார்த்தேன்.

"உன் கழுத்துதான் சாஞ்சிருக்கு. வா, நட்டு என்ன பண்றாருன்னு பாப்போம்" என்று அக்கா போர்டை அக்குளில் இடுக்கிக்கொண்டாள். அவள் நடைக்கு ஈடுகொடுத்துக்கொண்டே அத்தானுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. எண்ணெய்க் கையோடு எப்படி எடுப்பார்.

பட்டறை வாசலுக்குப் போவதற்குள்ளேயே நட்டுவின் குரல் கேட்டது.

"இப்படி ஒரு கஸ்டமர நான் பாத்ததே இல்லண்ணே. எத்தன தடவ பெட்டியத் தொறந்து மூடுவீங்க? எனக்கே நீங்கதான சொல்லுவீங்க, பால் ஜாயின்ட்டுக்கு நீலம் போதும், கண்ண மூடிட்டுப் போடுன்னு?"

"அதெல்லாம் அடுத்தவங்க வண்டிப்பா" என்றார் அத்தான். "இது என் பொண்டாட்டி வண்டி."

அக்கா அப்படியே நின்றுவிட்டாள். உள்ளே வண்டியின் முன்பக்கம் தூக்கி நிறுத்தப்பட்டு, சக்கரங்கள் கழன்று சுவரில் சாய்ந்திருந்தன. பிரேக்குக்கு மஞ்சள் பொட்டு ஏறிவிட்டிருந்தது. கழற்றிய பழைய சாமான் ஒரு சாக்கில் கிடந்தது. நடுவில் அத்தான் நீலத் தரப் பால் ஜாயின்ட் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரிஜினல் பால் ஜாயின்ட் புதன்கிழமைதான் வருமாம். வகுப்போ திங்கட்கிழமை. ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் நொடியில் முடிவு சொன்ன மனிதருக்கு, காலையிலிருந்து அந்த ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு முடிவெடுக்கத் தெரியவில்லை. இதைத்தான் ஊருக்கு உபதேசம் என்பது.

அக்கா போர்டைச் சுவரோரம் வைத்தாள். குரல் உயரவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"ஒரு வாரம்கூடப் பொறுக்கல இல்ல உங்களுக்கு? நான் வாங்கினா அதுல ஒரு குத்தம் இருந்தே ஆகணும். நீங்க கை வச்சாத்தான் அது வண்டி."

அத்தானுக்கு இதைவிட நல்ல வழி கிடைக்காது. ஆமாம் என்று தலையை ஆட்டி, நாலு திட்டு வாங்கிக்கொண்டு, எல்லாவற்றையும் மாட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். ஆட்டுங்கள் அத்தான் என்று நான் கண்ணாலேயே கெஞ்சினேன். நட்டுவும் கெஞ்சினார்.

அத்தான் எழுந்தார். சாக்கிலிருந்து பழைய பால் ஜாயின்ட்டை எடுத்து அக்காவிடம் நீட்டினார்.

"குத்தம் உன் மேல இல்லமா. சத்தம் வருதான்னு கேட்டுப் பாத்தே இல்ல, சரியாத்தான் கேட்டிருக்கே. சத்தம் வரக்கூடாதுன்னுதான் நானே இதக் குடுத்தேன். இந்தா, பொட்டு. நான் வச்சது."

அக்கா அதை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். அவளுக்கு வெள்ளைப் பொட்டின் கதை தெரியும், வீட்டில் அதைச் சொல்லி எத்தனையோ முறை சிரித்திருக்கிறார்கள்.

"யாருக்குக் குடுத்தீங்க?"

"விக்கிற வண்டின்னு சொன்னாங்க."

"விக்கிற வண்டின்னா அத வாங்குறவ ஒருத்தி இருப்பான்னு உங்களுக்குத் தோணவே இல்லையா?"

அத்தான் ஏதாவது சொல்லிச் சமாளிப்பார் என்று நினைத்தேன். "தோணல" என்றார். அந்த மனிதரை என் வாழ்நாளில் எத்தனையோ கிண்டல் செய்திருக்கிறேன், அன்றைக்கு எனக்கு அழுகை வந்தது. அக்காவுக்காகவா அவருக்காகவா என்று தெரியவில்லை.

அக்கா ஒரு பழைய டயர்மேல் உட்கார்ந்தாள். நட்டு, வேலையே இல்லாத ஒரு மூலைக்குப் போய் ஸ்பேனரைத் துடைக்க ஆரம்பித்தார். அக்கா அந்த நீலப் பெட்டியைக் காட்டினாள்.

"இது நல்லதுன்னு ஊருக்கெல்லாம் சொல்றீங்களே, அது நெஜமா, இல்ல வாய்க்கு வந்ததா?"

"நெஜம்தான்."

"அப்ப இதையே போடுங்க."

"இல்லமா, புதன்கிழமை ஒரிஜினல் வந்துடும். அதுவரைக்கும் கிளாஸ..."

"அப்ப ஊருக்குச் சொன்னது பொய்யா?"

"பொய் இல்லமா. நல்ல சாமான்தான். ஆனா நீ உள்ள உக்காரப் போறே."

"மத்தவங்க பொண்டாட்டிக்குப் போதும்னா எனக்கும் போதும்" என்றாள் அக்கா. "போடுங்க."

அத்தான் சட்டைப் பையிலிருந்து பெயின்ட் பேனாவை எடுத்தார். ஒரு நாளைக்கு எத்தனையோ பொட்டு வைக்கிறவர், அந்த இரண்டு பொட்டையும் குனிந்து பார்த்துப் பார்த்து வைத்தார். வைத்துவிட்டு நட்டுவிடம் கொடுத்தார். மாட்டி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்று, ஒவ்வொரு போல்ட்டையும் நட்டு இறுக்கிய பிறகு அவரும் ஒருமுறை இறுக்கினார். நட்டு பொறுத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை மாமியாரும் மருமகளும் வந்தார்கள். முதலில் யார் ஸ்டியரிங்கைப் பிடிப்பது என்பதிலேயே கால் மணி நேரம் போனது, கடைசியில் மாமியார் பிடித்தார், மருமகள் பின் சீட்டிலிருந்து ஒவ்வொரு வளைவிலும் தாராளமாக யோசனை சொன்னாள். வண்டி கடைத்தெரு வழியாகத்தான் போகும். சத்தம் கேட்டதும் அத்தான் கவுண்டரை விட்டு வாசலுக்கு ஓடிவருவார். முன்பெல்லாம் சத்தம் வந்தால்தான் அவருக்குக் கவலை. இப்போது வராவிட்டாலும் கவலை. புதன்கிழமை ஒரிஜினல் வந்தது. அக்கா அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அத்தானும் வேறு ஒருவருக்கு மஞ்சள் பொட்டு வைத்துக் கொடுத்துவிட்டார். வீட்டில் பேச்சுவார்த்தை மெல்லத் தொடங்கியது. உப்பு எங்கே, சாவி எங்கே என்கிற அளவில்தான், ஆனாலும் பேச்சு பேச்சுதானே.

அதற்கப்புறம் ஒருநாள் மத்தியானம் அத்தானின் சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கொடுக்கக் கடைக்குப் போயிருந்தேன். கல்லாவில் முதலாளி உட்கார்ந்திருந்தார். கூலிங் கிளாஸைத் தலையில் ஏற்றிக்கொண்டு அந்தப் புரோக்கர் உள்ளே வந்தார். எனக்குத் தெரியாத ஆள், ஆனால் அந்தக் கண்ணாடியைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. தன்னிடம் வண்டி வாங்கிய அக்கா யார் வீட்டுக்காரி என்று அவருக்கு எப்படித் தெரியும். வெகு குஷியாக இருந்தார்.

"அண்ணே, அன்னைக்குக் குடுத்தீங்களே, அதே செட்டு ஒண்ணு. விக்கிற வண்டிதான்."

"இல்ல" என்றார் அத்தான்.

"என்னண்ணே இல்லங்கிறீங்க. அதோ உங்க பின்னாடியே அடுக்கியிருக்கே."

முதலாளி தலையை நிமிர்த்தி அத்தானைப் பார்த்தார். அத்தான் திரும்பி அந்த அடுக்கைப் பார்த்தார். நிதானமாகத்தான் பார்த்தார். பிறகு கவுண்டரில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டார்.

"அதெல்லாம் என் பொண்டாட்டி வாங்கிட்டா."

புரோக்கர் சிரித்தார். "எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்" என்றார் அத்தான். "போன தடவ நீங்க வாங்கிட்டுப் போனதையும் சேத்து."